வண்டிக்கு ஆரத்தி

சார், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் போனில் பேசியதை நான் ஒட்டுக்கேட்கவில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், காது இருக்கிறது, விழுந்துவிட்டது. பவர் ஸ்டியரிங்கில் ஆயில் ஒழுகுகிறது, சக்கரத்தைத் திருப்புகிற ரேக்கைக் கழற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்கிறான், அதுதானே? பழைய வண்டியா? நினைத்தேன். காலையில் எடுக்கப் போனால் முன்சக்கரத்துப் பக்கம் தரையில் சிவப்பாக ஒரு வட்டம் கிடக்கும். திருப்பும்போது உள்ளேயிருந்து யாரோ முனகுகிற மாதிரி சத்தம் வரும். சரியா? அந்த வியாதியைக் குணப்படுத்தியவன் நான். கழற்ற விடாதீர்கள் சார். கழற்ற மட்டும் விடாதீர்கள். தஞ்சாவூர் போய்ச் சேருவதற்குள் விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

மாயவரம் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். கூண்டில் ஏறுகிறவன் செருப்பைக் கழற்றுகிற தினுசிலேயே பொய் சொல்லப் போகிறானா இல்லையா என்று சொல்லிவிடுவேன். ஜட்ஜே சில சமயம் என் முகத்தைப் பார்ப்பார். என்னிடம் கதை விட்டுத் தப்பித்தவன் கிடையாது. அதனால் நான் சொல்வதை நீங்கள் தாராளமாக நம்பலாம்.

என் வண்டி தொண்ணூற்றெட்டாம் வருஷத்து மாடல். கம்பெனி பெயர் வேண்டாம். வண்டி என்றால் சும்மா இல்லை, பவர் ஸ்டியரிங். அப்போது எங்கள் தெருவில் எவனிடமும் கிடையாது. சுண்டு விரலால் திருப்பலாம். எத்தனையோ வருஷம் சுண்டு விரலால் திருப்பினேன். அப்புறம்தான் ஒழுக ஆரம்பித்தது. ஒழுகல் என்றால் நாம் என்ன, பார்க்காததா? மழைக்கு வீடு ஒழுகவில்லையா? நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரிதாக எடுத்துக்கொண்டவர் என் அத்தான்.

அத்தான் என்றால் என் அக்கா மரகதத்தின் வீட்டுக்காரர். தட்சிணாமூர்த்தி என்று பெயர், பட்டமங்கலத் தெருவில் ஜவுளிக்கடை. தங்கமான மனிதர். வாய் மட்டும் தகரம். அவர்களுடைய ஒரே பெண் சிந்துஜாவுக்குத் தஞ்சாவூரில் மாப்பிள்ளை அமைந்தது. கமலக்கண்ணன், சர்க்கரை ஆலையில் மிஷின்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. நிச்சயதார்த்தத்தன்று சாப்பாட்டுக்கு முன்னால் அத்தான் சபையில் சொல்கிறார்: "மாப்பிள்ளை அழைப்புக்குச் சாரட்டு வண்டி பேசிட்டேன். ரெண்டு வெள்ளைக் குதிரை."

எனக்கு எப்படி இருக்கும்? எழுந்துவிட்டேன். "தாய்மாமன் உசுரோட நிக்கிறேன். வாசல்ல கார் நிக்குது. எங்க வீட்டு மாப்பிள்ளை வாடகைக் குதிரையிலயா வரணும்?"

அத்தான் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "உன் வண்டியிலேயே வரட்டும் மச்சான். அதுல ஒரு சௌகரியமும் இருக்கு. திரும்பிப் போறப்ப யாரும் வழி தவற மாட்டாங்க. சிவப்புச் சொட்டைப் பார்த்துக்கிட்டே போயிடலாம்."

சபையே சிரித்தது சார். சம்பந்தி வீட்டுக்காரர்களும் சிரித்தார்கள். பந்திக்கு இலை போடுகிறவன்கூட இலையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். தாய்மாமனுக்கு மாலையும் மரியாதையும் ஏன் வைத்திருக்கிறார்கள்? சபையில் அவனைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது என்றுதான். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். மாப்பிள்ளை அழைப்பு என் வண்டியில்தான். பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் ஒரு சொட்டு கீழே விழக் கூடாது. அத்தான் வாயாலேயே "வண்டி பேஷா வந்துச்சு" என்று சொல்ல வைக்க வேண்டும்.

ஜெபமாலை என்று எங்கள் ஊரில் ஒரு மெக்கானிக். கை சுத்தம், நாக்கு அசுத்தம். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "சீல் எல்லாம் போச்சு சார். ரேக்கை இறக்கி வேற போடணும்" என்றான்.

"கழட்டாம ஒண்ணும் பண்ண முடியாதா?"

"பண்ணலாமே. வாளி வெச்சுப் பிடிக்கலாம்."

வீட்டில் அபயமும் அவன் கட்சி. என் மனைவி. அபயாம்பாள், எங்கள் ஊர் அம்மன் பெயர். "ஏங்க, அவன்கிட்ட விட்டாத்தான் என்ன?" என்றாள். நான் கேட்டேன்: "உனக்கு முழங்கால் வலி வந்துச்சு. கழட்டியா பார்த்தோம்? தைலம்தானே தடவினோம்?"

"தடவினீங்க. வலி அப்படியேதான் இருக்கு."

பேச்சுக்குப் பேச்சு. அவளிடம் விவாதம் பண்ண முடியாது.

அப்போதுதான் மொபைலில் ஒரு வீடியோ பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரன், தொப்பி போட்டுக்கொண்டு, ஒரு பாட்டில் மருந்தை ஸ்டியரிங் ஆயில் டப்பாவில் ஊற்றுகிறான். அடுத்த காட்சியில் தரை துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. உள்ளே இருக்கிற ரப்பர் சீல்கள் காய்ந்து சுருங்கியிருக்குமாம், மருந்து அதை ஊறவைத்துத் தடிக்க வைக்குமாம். ஓட்டை தானாக அடைந்துகொள்ளுமாம். வரவழைத்தேன். ஜெபமாலையிடம் காட்டினேன். அவன் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "லேசாக் கசிஞ்சா கொஞ்ச நாளைக்கு நிக்கும் சார். தேஞ்சு போனதுக்கு நிக்காது. ஒண்ணு சொல்றேன், அளவுக்கு மேல ஊத்திடாதீங்க. ரப்பரு ரசத்துல போட்ட அப்பளமாயிடும்." தொழில் போய்விடுமே என்று பயம், பாவம்.

ஊற்றினேன். சார், நான் கதை சொல்லவில்லை. வண்டிக்குக் கீழே தினமும் பழைய பேப்பர் விரித்துவைத்தேன். முதலில் தாம்பாளம் அளவுக்கு இருந்த வட்டம், தட்டு அளவுக்கு ஆயிற்று. அப்புறம் இட்லி. அப்புறம் பொட்டு. அபயத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நெசமாத்தான் குறைஞ்சிருக்கு" என்று அவளே சொன்னாள்.

வேறு யாராக இருந்தாலும் அதோடு நிறுத்தியிருப்பார்கள். பாட்டிலிலும் ஒன்று போதும் என்றுதான் போட்டிருந்தது. மருந்துக் கம்பெனிக்காரனுக்கு என்ன தெரியும்? எங்கள் வீட்டில் இலையில் ஒற்றை இட்லி வைத்துப் பழக்கமில்லை சார். வேண்டாம் என்று கையால் மறைத்தாலும் விரலிடுக்கில் இன்னொன்றை வைத்துவிடுவோம். ஒன்றோடு நிறுத்தினால் அது உபசாரமா? இரண்டாவது பாட்டிலையும் ஊற்றினேன்.

பொட்டு மறுபடி இட்லி ஆயிற்று. ஆகட்டும். பேதிக்குச் சாப்பிட்டால் முதலில் என்ன ஆகும்? உள்ளே இருக்கிற பழைய அழுக்கெல்லாம் வெளியே வரும், அப்புறம்தான் வயிறு சுத்தமாகும். அழுக்கு வெளியேறட்டும் என்று விட்டுவிட்டேன். இட்லி தட்டு ஆனபோது, மருந்து நன்றாக வேலை செய்கிறது, பாதியில் நிறுத்தக் கூடாது என்று மூன்றாவதையும் ஊற்றினேன். அது மாப்பிள்ளை அழைப்பு அன்று காலையில். சுவாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் ஊற்றினேன். அபயம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். தடுக்கவில்லை. அவளுக்கும் நம்பிக்கை வந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

குத்தாலம் தாண்டிவிட்டோமா? சரி, சாயங்காலத்துக்கு வருகிறேன்.

முழு வண்டியும் பூ. ரோஜா, சம்பங்கி, முகப்பில் இரண்டு வாழைக்குருத்து யானை. மாப்பிள்ளை பட்டு வேட்டி அங்கவஸ்திரத்தோடு என் பக்கத்து சீட்டில். பின்னால் அவருடைய சிநேகிதர்கள் நான்கு பேர், நான்கு பேரும் ஆறு பேர் எடை. முன்னால் தவில், நாதஸ்வரம். வண்டி நடை வேகத்தில் ஊர்கிறது. என்ன மரியாதை, என்ன கூட்டம்! மாடியிலிருந்து பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள். அத்தான் முன்னால் நடந்துகொண்டே அடிக்கொரு தரம் திரும்பி வண்டிக்குக் கீழேயே பார்க்கிறார். பார்க்கட்டும் என்று நான் நேராகப் பார்த்து ஓட்டினேன்.

ஒரு சின்ன விஷயம். நாதஸ்வரக்காரர் இரண்டு மூன்று தடவை வாசிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். சுருதி சேரவில்லையாம். ஏதோ ஒரு முனகல் குறுக்கே வருகிறதாம். சுருதிப் பெட்டி வைத்திருந்த ஆளைத் திட்டினார். நல்ல வித்வான்தான், ஆனால் ஆட்களைச் சரியாகத் தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை.

தெரு முக்கு வந்தது. முக்கில் நின்று வாசிக்கிறது வழக்கம், உங்களுக்குத் தெரியும். நின்றார்கள். ஒரு ராகத்தை எடுத்தார், விடவே இல்லை. நானும் நின்றேன். முடிந்து அவர்கள் தெற்கே திரும்பினார்கள். நான் நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். திரும்பவில்லை.

பூ கனம் சார். அந்த வாழைக்குருத்து யானை ஒவ்வொன்றும் ஒரு ஆள் எடை. முன்சக்கரம் அழுந்திவிட்டது. இரண்டு கையாலும் இழுத்தேன். எழுந்து நின்று இழுக்கலாம் என்றால் மேலே கூரை. பின்னால் வருகிறவர்கள் நெருக்குகிறார்கள், முன்னால் மேளம் போய்க்கொண்டே இருக்கிறது. அத்தான் திரும்பி நின்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். அந்த முகத்தில் சிரிப்பு மெதுவாகப் புறப்படுகிறது. எனக்குச் சட்டையெல்லாம் வேர்வை.

அந்த நேரத்தில் மாப்பிள்ளை என் காதுப்பக்கம் சாய்ந்து, "மாமா, ரொம்ப நாளா ஒரு ஆசை. இந்த மாதிரி வண்டி ஸ்டியரிங்கை ஒரு தடவை பிடிச்சுப் பார்க்கணும். பிடிச்சுக்கட்டுமா?" என்கிறார்.

பாருங்கள், எந்த நேரத்தில் என்ன ஆசை! கல்யாண மாப்பிள்ளை. இல்லை என்று சொல்ல முடியுமா? "பிடிங்க மாப்பிள்ளை" என்றேன். அங்கவஸ்திரத்தைக் கையில் சுற்றிக்கொண்டு பிடித்தார். பிடித்தவர் சும்மா பிடிக்கவில்லை, நெற்றி நரம்பு புடைக்கப் பிடித்தார். சின்ன வயசு ஆசை அப்படித்தான் இருக்கும். "ஒண்ணு... ரெண்டு..." என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். நானும் சேர்ந்து இழுத்தேன். வண்டி ராஜா மாதிரி திரும்பியது. அதைத்தான் போட்டோக்காரன் எடுத்துவிட்டான். மாப்பிள்ளையும் தாய்மாமனும் ஒரே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம், இரண்டு பேருக்கும் முகமெல்லாம் வேர்வை. ஆல்பத்தில் முதல் பக்கம் அதுதான். மண்டபம் போகும் வரைக்கும் அவர் கையை எடுக்கவில்லை. நானும் போகட்டும் என்று விட்டுக்கொடுத்தேன்.

மண்டப வாசலில் நிறுத்தினேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் ஆரத்தித் தட்டோடு படியில் இறங்கி வருகிறார்கள். மாப்பிள்ளை இன்னும் இறங்கவில்லை. அதற்குள் மாப்பிள்ளையின் அத்தை, தஞ்சாவூர்க்கார அம்மாள், குரல் கொஞ்சம் கணீர், வண்டிக்கு முன்னால் நின்று கத்துகிறாள்: "இதென்னடி அநியாயம்? எங்க புள்ள கீழ காலே வைக்கல, அதுக்குள்ள ஆரத்தியைச் சுத்திக் கொட்டிட்டீங்க?"

எட்டிப் பார்க்கிறேன். வண்டிக்கு முன்னால் சிவப்பாக, ஒரு குடம் கவிழ்த்த மாதிரி ஓடுகிறது.

ஒரு கணம்தான். ஒரு கணம் மருந்தையே சந்தேகப்பட்டேன், சார். அதற்குள் அபயம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள். "நான்தான் அண்ணி சுத்தினேன். முதல் ஆரத்தி வண்டிக்கு. ரெண்டாவதுதான் மாப்பிள்ளைக்கு. எங்க வீட்டு வழக்கம்."

"வண்டிக்கா?"

"மாப்பிள்ளையைச் சுமந்துக்கிட்டு வருதுல்ல? அதுமேலதானே முதல்ல கண்ணு படும்?"

அந்த அம்மாள் யோசித்தாள். மூக்கை உறிஞ்சினாள். "எண்ணெய் வாடை அடிக்குதே?"

"ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுத்தான் கரைப்போம். திருஷ்டி ஒட்டாது."

"அதுவும் சரிதான்" என்று அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கூட்டமே போட்டுக்கொண்டது. நானும் போட்டுக்கொண்டேன். முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன் சார், இப்படி ஒரு வழக்கம் எங்கள் வீட்டில் இருந்தது எனக்கே தெரியாது! பெண்கள் சில விஷயங்களை அவர்களுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள். அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் முதல் ஆரத்தி வண்டிக்குத்தான். போன மாதம் பங்காளி வீட்டில் வேனுக்குச் சுற்றினார்கள்.

என்ன கேட்கிறீர்கள்? தட்டா? அபயம் கையில் தட்டு இருந்ததா என்றா? இல்லை, வெறுங்கைதான். எங்கேயாவது வைத்திருப்பாள். கல்யாண வீட்டில் தட்டு வைத்த இடத்திலா இருக்கும்? நீங்கள் வக்கீலுக்குப் படித்திருக்கலாம், சார்.

முக்கியமான கட்டத்தை விட்டுவிட்டேனே. அத்தான் வந்தார். குனிந்து கீழே பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அபயம் அவரைப் பார்த்தாள், மரகதம் அக்காவும் பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டார். அவர் வாய் தானாக மூடி அன்றுதான் பார்த்தேன். அப்புறம் என் தோளில் கை போட்டு, சம்பந்தி வீட்டார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "வண்டி பேஷா வந்துச்சு மச்சான்" என்றார். ஒரு வார்த்தை சார். அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. பந்தியில் அன்று நான் சாப்பிட்ட மாதிரி என்றுமே சாப்பிட்டதில்லை.

வண்டி எங்கே, ஏன் பஸ்ஸில் போகிறேன் என்றுதானே பார்க்கிறீர்கள்? அது மாப்பிள்ளையிடம் இருக்கிறது. மறுவீட்டுக்கு வந்தபோது கேட்டுவிட்டார். "மாமா, ஸ்டியரிங்ல கை வெச்ச நேரத்துலேர்ந்து மனசு அதுலயே இருக்கு. எனக்குக் குடுத்திடுங்களேன்." தாய்மாமன் சீராகக் கொடுத்துவிட்டேன். ஓட்டிக்கொண்டு போகவில்லை தெரியுமா? லாரி கொண்டுவந்து, அதன்மேல் ஏற்றிக் கட்டி, தார்பாய் போர்த்திக் கொண்டுபோனார். "ரோட்டுல ஓட்டினா தூசி படும் மாமா" என்றார். அந்தக் காலத்துப் பிள்ளைகள்கூட இவ்வளவு பக்தியாக இருக்க மாட்டார்கள்.

ஒரே ஒரு வருத்தம். ஒரு நாள் சிந்துஜா போனில், "மாமா, அவரு ரேக்கைக் கழட்டி எல்லா சீலும் புதுசாப் போட்டுட்டாரு" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. உடனே மாப்பிள்ளை போனை வாங்கிக்கொண்டார். "பழுதுன்னு இல்ல மாமா. நீங்க ஊத்தின மருந்து உள்ள எப்படி வேலை செஞ்சிருக்குன்னு பார்க்க ஆசை. திறந்து பார்த்தா... மாமா, நானும் எத்தனையோ மிஷின் பார்த்திருக்கேன். இப்படி ஒரு சீலை நான் வாழ்க்கையில பார்த்ததே இல்ல."

மிஷின் படித்தவர் வாயால் வந்த வார்த்தை. ஏன் சார், தொண்டை கமறுகிறதா? தண்ணீர் குடியுங்கள். ஜன்னலைச் சாத்திவிடுகிறேன், பாபநாசம் தாண்டினாலே தூசிதான்.

இப்போது போகிறதும் அந்த வண்டியை எடுக்கத்தான். சிந்துஜாவுக்கு ஏழாவது மாதம். நாளைக்கு வளைகாப்பு. முடிந்ததும் பிறந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அத்தானும் அக்காவும் நாளைக்கு வேனில் வருகிறார்கள். பெண்ணை மட்டும் தாய்மாமன் வண்டியில், நானே ஓட்டிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. அத்தானே சொல்லிவிட்டார், "நீதான் ஓட்டணும் மச்சான்" என்று. அதனால்தான் முந்தின நாளே கிளம்பிவிட்டேன். பிள்ளைத்தாச்சியை உட்கார வைத்து ஓட்டுகிற பயணம். வண்டியை நாம் தயார் பண்ண வேண்டாமா? இதோ பையில் இரண்டு பாட்டில் மருந்து. வளைகாப்புக்குக் கட்டிக்கொள்ள எடுத்துவைத்த வேட்டிக்குள் சுற்றிவைத்திருக்கிறேன். அபயத்துக்குத் தெரியாது. புது சீல் என்றால் என்ன, புது வயிறு மாதிரி. சத்து வேண்டாமா? இன்றைக்கு ஒன்று, நாளைக்குக் கிளம்பும்போது ஒன்று.

என்ன சார்? உங்களுக்கு வேண்டுமா? அட, இவ்வளவு நேரம் மெக்கானிக் பக்கமே பேசிக்கொண்டிருந்தீர்களே! ஒரு பாட்டில் தருகிறேன். தாராளமாக. இரண்டுமா?

இரண்டையும் கேட்டால் எப்படி? நான் வண்டிக்கு என்ன ஊற்றுவேன்? அவசரமா? இன்றைக்கே ஊற்றியாக வேண்டுமா? ஒழுகல் அவ்வளவு மோசமா? காசெல்லாம் எடுக்காதீர்கள், உள்ளே வையுங்கள். இத்தனை வருஷத்தில் எத்தனை பேரிடம் இந்த மருந்தைப் பற்றிச் சொல்லியிருப்பேன் தெரியுமா? கேட்பார்கள், தலையாட்டுவார்கள், இறங்கிப் போய்விடுவார்கள். ஒருத்தரும் கேட்டு வாங்கியதில்லை. நீங்கள்தான் முதல் ஆள். கண்ணில் ஒரு தவிப்பு தெரிகிறது, எனக்குத் தெரியாதா? வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையுமே வைத்துக்கொள்ளுங்கள். என் வண்டி தாங்கும். அதன் உள்ளே ஏற்கெனவே மூன்று பாட்டில் போயிருக்கிறது, வீண் போகுமா?

ஸ்டாண்டு வந்துவிட்டது. அதோ பாருங்கள், அந்த ஓரத்தில், என் வண்டி! பளபளவென்று வைத்திருக்கிறார் மாப்பிள்ளை. ஸ்டியரிங்கில் யார்? சிந்துஜா! மாப்பிள்ளை பக்கத்து சீட்டில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார். ஆட்டோக்காரனுக்கு வழி விட்டு வளைக்கிறாள் பாருங்கள், ஒற்றைக் கையால்! இன்னொரு கை வயிற்றின்மேல். நாளைக்கு அந்த இடத்தில் நான் உட்காருவேன். அத்தான் வேனிலிருந்து எட்டிப் பார்க்கட்டும்.

பார்த்தீர்களா சார்? மருந்து இன்னும் வேலை செய்துகொண்டே இருக்கிறது.

வருகிறேன். பாட்டிலைப் படுக்கவைக்காமல் நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளுங்கள், சட்டையில் படப்போகிறது. மூடிப் பக்கம் கொஞ்சம் ஒழுகும்.